முதலில் ஷட்டரைப் பாருங்கள்: டெல்டா வாய்க்காலிலும் குளத்திலும் நீர்த்தரம் அளக்கும் முறை

மலையாற்றுக்காக எழுதிய பரிசோதனைக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு டெல்டா வாய்க்காலில் இறங்கினால் முதல் வாரமே குழப்பம்தான். இங்கே தண்ணீர் தானாக ஓடுவதில்லை. திறந்து விட்டால் ஓடும், முறை முடிந்தால் நிற்கும். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். நீர் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆவதும் உண்டு. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, அங்கிருந்து குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு என்று கிளைத்து, வழியெங்கும் மதகு மதகாகத் தடுத்துத்தான் கடைமடைக்குப் போகிறது. நேற்று இடுப்பளவு ஓடிய வாய்க்கால் இன்று கணுக்காலளவில் தேங்கிப் பாசி பிடிக்கத் தொடங்கியிருக்கும். இரண்டு நாளும் ஒரே இடத்தில் எடுத்த அளவுகள் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது.

ஆகவே நோட்டில் முதல் கட்டம் பி.எச். (நீரின் அமில-கார அளவு) அல்ல, ஷட்டர், அதாவது மதகின் கதவு. திறந்திருக்கிறதா, எத்தனை கதவு, ஏறக்குறைய எவ்வளவு உயரம், எத்தனை நாளாக? அந்த மதகைத் திறந்து மூடும் பணியாளரான லஸ்கரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். இதை எழுதாத அளவை ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் யாருக்கும் எதுவும் புரியாது.

இடம், நேரம்

புதிய குழுக்கள் செய்யும் பெரிய தவறு, ஆசைப்பட்டு இருபது இடங்களைக் குறித்துக்கொள்வது. மூன்றாம் மாதமே ஆள் குறைந்துபோகும். ஐந்தாறு பேர் உள்ள குழுவுக்கு நான்கு இடம் போதும்: ஊருக்குள் நுழைவதற்கு முன் பாசன வாய்க்காலில் ஒன்று, ஊரைத் தாண்டியபின் அதே வாய்க்காலில் ஒன்று, வயல் தண்ணீர் வடியும் வடிகாலில் ஒன்று, மக்கள் குளிக்கும் குளம் ஒன்று. முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஊர் தண்ணீரில் என்ன சேர்க்கிறது என்று காட்டும். ஏதாவது குழாய் வந்து விழும் இடம் இருந்தால், அதன் வாயிலேயே எடுக்காதீர்கள். தண்ணீர் முழுதாகக் கலந்தபின், 50 மீட்டராவது தள்ளி எடுங்கள்.

வாய்க்கால், வடிகாலுக்கு நீர்வளத்துறைப் பிரிவு அலுவலகத்திலும், ஊர்க்குளத்துக்கு ஊராட்சியிலும், கோயில் குளத்துக்குச் செயல் அலுவலரிடமும் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு இறங்குவது நல்லது. பாட்டிலும் கையுறையுமாகக் கரையில் நிற்பவர்களைப் பார்த்தால் ஊரில் கேள்வி எழும். கடிதத்தின் நகலைக் காட்டினால் பேச்சு அதோடு முடியும்.

மாதத்துக்கு இரண்டு சுற்று, ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில். காலை 10 மணி வசதியானது. அதற்கு மேல் நான்கு சுற்றுகளை எக்காரணம் கொண்டும் தவறவிடக் கூடாது: தண்ணீர் வருவதற்கு முன் குளங்கள் வற்றிக் கிடக்கும் மே மாதக் கடைசி, புதுத் தண்ணீர் நுங்கும் நுரையுமாக வரும் முதல் மூன்று நாள், ஐப்பசி அடைமழையில் வயல்கள் வடியும் வாரம், தண்ணீரை நிறுத்திய பதினைந்தாம் நாள். புதுத் தண்ணீரைப் பார்த்ததும் ‘ஆறு கெட்டுவிட்டது’ என்று எழுதிவிடாதீர்கள். கோடையில் வாய்க்காலில் கொட்டிய குப்பையை அது வாரிக்கொண்டு வருகிறது. அந்த அளவு தண்ணீரைப் பற்றியதல்ல, நான்கு மாதமாக வாய்க்காலை என்ன செய்து வைத்திருந்தோம் என்பதைப் பற்றியது.

மாதிரி எடுப்பது

மாதிரி பாட்டிலை அந்த இடத்துத் தண்ணீரிலேயே மூன்று முறை அலசி, அலசிய நீரைக் கீழ்ப்பக்கமாகக் கொட்டுங்கள். ஓட்டம் வரும் திசையைப் பார்த்து நின்று, பாட்டிலை உங்களுக்கு முன்னால் நீட்டி, வாய் ஓட்டத்தை எதிர்நோக்க, மேற்பரப்பிலிருந்து ஒரு சாண் கீழே அமிழ்த்தி நிரப்புங்கள். மேலே மிதக்கும் எண்ணெயும் தூசியும் வேண்டாம், கால் பட்டுக் கலங்கிய சேறும் வேண்டாம். முழங்காலுக்கு மேல் ஆழமென்றால் இறங்கவே வேண்டாம். மூங்கில் கழியின் நுனியில் பாட்டிலைக் கட்டி நீட்டலாம், அல்லது பாலத்திலிருந்து வாளியைத் தாம்புக்கயிற்றில் இறக்கலாம்.

குளத்தில் படித்துறை ஓரமாக எடுப்பது வீண்வேலை. அங்கே கிடைப்பது சோப்பு நீர். படித்துறையிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி, திறந்த வெளியாக இருக்கும் பக்கம் எடுங்கள். ஆகாயத்தாமரை மூடிய குளத்தில் செடிக்கு அடியில் ஒன்று, வெளியில் ஒன்று என்று இரண்டு மாதிரி எடுத்தால், செடி செய்யும் வேலை எண்ணிலேயே தெரியும்.

குளிர்பான பாட்டில்கள் உப்பு, பி.எச். அளவுகளுக்குப் பரவாயில்லை. பாஸ்பேட் பார்ப்பதாக இருந்தால் அந்தப் பாத்திரத்தைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவவே கூடாது. தூளில் பாஸ்பேட் இருக்கலாம், அதுவே அளவில் ஏறிவிடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அலசி, பின் காய்ச்சி வடித்த நீரால் கழுவுங்கள்.

பேனா மீட்டர்கள்

வெப்பநிலையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே படியுங்கள். அதில் சொல்ல வேறொன்றுமில்லை.

பி.எச். பேனாவைச் சுற்றுக்குப் புறப்படும் அன்று காலையில் 6.86 கரைசலிலும் 9.18 கரைசலிலும் சரிபார்க்க வேண்டும். பொட்டலத்தில் வரும் தூளை 250 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் கரைசல் தயார். ஆனால் கரைத்த தேதியை ஒட்டி வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நம்ப வேண்டாம். ஒரு முறை ஊற்றியதைத் திரும்பப் பாட்டிலுக்குள் ஊற்றக் கூடாது. பேனா சீக்கிரம் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நுனியில் உள்ள கண்ணாடிக் குமிழைக் காயவிடுவது. மூடிக்குள் பொட்டாசியம் குளோரைடு சேமிப்புக் கரைசல் சில சொட்டு எப்போதும் இருக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் ஊற வைப்பதும் தவறு, குமிழின் உப்பை அது உறிஞ்சிவிடும்.

டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) மீட்டர் என்று கடையில் விற்பது உண்மையில் உப்பை எடை போடுவதில்லை. மின்கடத்துதிறனை அளந்து, ஏதோ ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. அந்த எண் ஒரு மீட்டரில் 0.5, இன்னொன்றில் 0.7. இரண்டு ஊர்க் குழுக்கள் சண்டை போட இதுவே போதும். மின்கடத்துதிறனை மைக்ரோ சீமென்ஸில் (ஒரு செ.மீ.க்கு) காட்டும் மீட்டராகவே வாங்கி, அதையே எழுதுங்கள். சரிபார்க்க, ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 0.746 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்தால் 25 டிகிரியில் 1,413 காட்ட வேண்டும். பக்கத்துக் கல்லூரியின் வேதியியல் துறையில் கேட்டால் எடை போட்டுக் கரைத்துக் கொடுப்பார்கள்.

கலங்கலுக்கு 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தட்டு: கறுப்பு, வெள்ளை மாறி மாறி நான்கு கால் பாகம். அடியில் எடை, கயிற்றில் 5 செ.மீ.க்கு ஒரு அடையாளம். நிழல் பக்கமாக இறக்கி, கண்ணிலிருந்து மறையும் ஆழத்தையும், தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்து, சராசரி எடுங்கள். கூலிங் கிளாஸைக் கழற்றிவிடுங்கள். இது குளத்துக்குத்தான். ஓடும் வாய்க்காலில் தட்டு இழுபடும், ஆழமும் போதாது. அங்கே அடியில் சிறிய தட்டு ஒட்டிய 60 செ.மீ. அல்லது ஒரு மீட்டர் தெளிந்த அக்ரிலிக் குழாயில் மாதிரியை ஊற்றி, மேலிருந்து பாருங்கள். தட்டு தெரியும்வரை அடிக்குழாய் வழியாகத் தண்ணீரை விட்டு, நிற்கும் உயரத்தை எழுதுங்கள். நிறத்தையும் சேர்த்து எழுத வேண்டும்: 20 செ.மீ. செம்மண் கலங்கல் வேறு, 20 செ.மீ. பச்சைத் தண்ணீர் வேறு.

கரைந்த ஆக்சிஜன்

எல்லா அளவிலும் அதிகம் சொல்வது இதுதான், அதிகம் பிழையாவதும் இதுதான். ஆக்சிஜன் மீட்டர் விலை அதிகம், அதன் சவ்வும் பராமரிப்பும் தனித் தலைவலி. வேதிக் கரைசல்கள் சேர்த்து ஆக்சிஜனை அளக்கும் விங்க்லர் முறை பழையது, ஆனால் கை பழகிவிட்டால் நம்பகமானது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அடர் கந்தக அமிலமும், நஞ்சான அசைடு கலந்த காரக்கரைசலும் கையாளுகிறீர்கள். எதையும் வாயால் உறிஞ்சக் கூடாது. ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

1. கண்ணாடி மூடியுள்ள 300 மி.லி. பி.ஓ.டி. (ஆக்சிஜன் சோதனை) பாட்டிலைச் சாய்த்து, தண்ணீருக்குள்ளேயே மெதுவாக நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூடுங்கள். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தால் ஒரு குமிழ்கூட இருக்கக் கூடாது. வாளியில் எடுத்திருந்தால் ஊற்றாதீர்கள். ஊற்றும்போதே காற்று கலந்து லிட்டருக்கு 1 முதல் 2 மி.கி. வரை பொய்யாக ஏறிவிடலாம். ரப்பர் குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு, பாட்டில் இரண்டு மூன்று மடங்கு வழிந்தோடும்வரை பாய விடுங்கள்.

2. மாங்கனீசு சல்பேட் 2 மி.லி., அடுத்து கார அயோடைடு-அசைடு 2 மி.லி. இரண்டையும் பிப்பெட் நுனி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க விடுங்கள். மூடி, பதினைந்து முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள்.

3. பஞ்சு போல வீழ்படிவு திரளும். பழுப்பாக இருந்தால் ஆக்சிஜன் உண்டு. பால் வெள்ளையாகவே நின்றால் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை. பாதி பாட்டில் தெளியும்வரை காத்திருந்து, மீண்டும் ஒரு முறை கவிழ்த்துத் தெளிய விடுங்கள். அவசரப்பட்டால் இங்கேதான் அளவு குறையும்.

4. அடர் கந்தக அமிலம் 2 மி.லி., பாட்டிலின் கழுத்தை ஒட்டி வழிய விடுங்கள். மூடிக் கவிழ்த்தால் படிவு கரைந்து தேன் நிறம் வரும். இனி வெயில் படாமல் துணி சுற்றி வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் வீட்டில் வைத்து மீதியைச் செய்யலாம்.

5. இதில் 203 மி.லி. அளந்து கூம்புக் குடுவையில் ஊற்றுங்கள். 200-க்கு மேல் உள்ள 3 மி.லி., முதல் இரண்டு கரைசல்கள் வெளியே தள்ளிய தண்ணீருக்கு ஈடு. 0.025 நார்மல் செறிவுள்ள சோடியம் தயோசல்பேட்டைப் பியூரெட்டிலிருந்து விடுங்கள். தேன் நிறம் வெளிறி வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் ஸ்டார்ச் கரைசல் 1 மி.லி.; கருநீலம் பாயும். இனிச் சொட்டுச் சொட்டாக. அடியில் வெள்ளைத்தாள் வைத்துப் பார்த்தால், ஒரு சொட்டில் நீலம் சட்டென்று மறைவது தெரியும். அங்கே நிறுத்துங்கள். செலவான மி.லி. எத்தனையோ, அத்தனை மி.கி. ஆக்சிஜன் ஒரு லிட்டரில். சிறிது நேரத்தில் நீலம் திரும்பினால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஸ்டார்ச்சைத் தேன் நிறத்திலேயே ஊற்றிவிட்டால் அயோடின் அதில் ஒட்டிக்கொண்டு, முடிவு தள்ளிப்போகும். தயோசல்பேட் நாள்பட வலுவிழக்கும். பழுப்புப் பாட்டிலில் வைத்து, மாதம் ஒரு முறை கல்லூரியில் சரிபார்த்து வாங்குங்கள். வலுவிழந்த கரைசல் அதிகம் செலவாகும், செத்த தண்ணீரும் நல்ல தண்ணீர் போலத் தெரியும்.

வந்த எண்ணைப் படிப்பது தனிக் கலை. 30 டிகிரி நீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய 7.5 மி.கி. வரைதான் கரையும், குளிர்நாட்டுக் கையேட்டில் 9 என்றிருப்பதை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் குளிக்கும் நீருக்குக் குறைந்தது 5, மீன் வளத்துக்குக் குறைந்தது 4. அப்படியானால் பிற்பகலில் 12 வந்தால் மகிழ வேண்டுமா? வேண்டாம். பச்சைப் பாசி வெயிலில் தள்ளிய ஆக்சிஜன் அது. அதே பாசி இரவெல்லாம் மூச்சுவிட்டு விடியலில் 2-க்குக் கொண்டுவந்து நிறுத்தும். மேகம் மூடிய இரண்டு மூன்று நாளுக்குப்பின் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பது அதனால்தான். எல்லாச் சமயமும் யாரோ மருந்து கலந்துவிட்டதாக அர்த்தமில்லை. எனவே குளத்துக்கு மட்டும் மாதம் ஒரு நாள் காலை 5.30-க்கும் மாலை 3-க்கும் இரண்டு முறை பாருங்கள், பி.எச்.சையும் சேர்த்து. பாசி மிகுந்த குளத்தில் காலை 7.5 இருந்த பி.எச். மாலையில் 9 தாண்டும். இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு பெரிதோ, குளத்தில் ஊட்டம் அவ்வளவு மிகுதி.

வாய்க்காலில் ஓட்டம் இருக்கும்போதே 3-க்குக் கீழே வந்தால் விஷயம் வேறு. மேலே போய்ப் பாருங்கள். புழுங்கல் அரிசி ஆலையின் ஊறல் தண்ணீர் கலந்திருந்தால் மஞ்சள் ஓட்டமும் புளித்த வாடையும் இருக்கும். சாக்கடை என்றால் சாம்பல் நிறமும் முட்டை நாற்றமும்.

கடைமடையில் உப்பு

வேதாரண்யம், தலைஞாயிறு, முத்துப்பேட்டைப் பக்கம் உள்ள குழுக்களுக்கு ஆக்சிஜனைவிட உப்பே முக்கியம். பாசன நீருக்கு வாரிய வரம்பு 2,250 மைக்ரோ சீமென்ஸ். கடல்நீர் ஏறக்குறைய 50,000. கடைசிக் கதவணைக்குக் கீழே ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகம் ஏறும். கடல் ஏறும் நேரமா வற்றும் நேரமா என்று எழுதாவிட்டால் அந்த அளவைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

உப்புத் தண்ணீர் கனமானது, அடியில் புகுந்து வரும். மேலே அள்ளிப் பார்த்தால் 1,500 இருக்கும், அடியில் 15,000 இருக்கும். அடித்தண்ணீர் எடுக்க ஒரு எளிய கருவி: 500 மி.லி. பாட்டிலோடு அரைச் செங்கல்லைச் சேர்த்துக் கட்டி, கழுத்தில் ஒரு கயிறு, தக்கையில் தனியாக ஒரு நூல். மூடியபடி இறக்கி, அடியைத் தொட்டதும் ஒரு முழம் தூக்கி, நூலை வெட்டி இழுத்தால் தக்கை திறக்கும். குமிழ் வருவது நின்றதும் மேலே இழுங்கள். பேனா மீட்டரின் எல்லையைத் தாண்டினால், ஒரு பங்கு மாதிரிக்கு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து அளந்து பத்தால் பெருக்குங்கள். தோராயம்தான், ஆனால் ஷட்டரை மூடச் சொல்லிக் கேட்க அது போதும். கதவணைக்கு மேல்பக்கமும் கீழ்பக்கமும் ஒரே நேரத்தில் எடுத்து, மேல்பக்கத்து அடித்தண்ணீரிலும் உப்பு ஏறியிருந்தால் கதவு கசிகிறது.

உரச் சத்து, கிருமி, பூச்சி

குறுவை, சம்பா மேலுரம் இட்ட வாரங்களில் வடிகாலைப் பாருங்கள், பாசன வாய்க்காலை அல்ல. நைட்ரேட் குறைவாக வந்தால் உரம் வடியவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்; நீர் கட்டிய நெல்வயல் சேற்றில் நைட்ரேட் வாயுவாகிப் போய்விடும். அம்மோனியாவைப் பாருங்கள். கடையில் வாங்கும் சோதனைப் பெட்டி காட்டுவது மொத்த அம்மோனியா. 30 டிகிரியில் அதில் நஞ்சான பங்கு பி.எச். 7-இல் ஒரு சதவீதத்துக்கும் கீழே, 8-இல் சுமார் 7, 9-இல் 45 சதவீதம்! பி.எச். இல்லாமல் அம்மோனியா எண்ணுக்குப் பொருளே இல்லை. நைட்ரேட் பெட்டியில் ‘நைட்ரேட்டாக’ என்று போட்டிருக்கிறதா, ‘நைட்ரஜனாக’ என்றா என்று பாருங்கள், பின்னதை 4.43-ஆல் பெருக்கினால்தான் முன்னது.

கறுப்பாக மாறும் கிருமிச் சோதனைக் குப்பி அடிபம்புக்கும் கிணற்றுக்கும் நல்லது. குளத்து நீரில் அது ஏறக்குறைய எப்போதும் கறுக்கும், காசு வீண். குளத்துக்கு ஆய்வக எண்ணிக்கை வேண்டும். குளிக்கும் நீரில் மலக்கிருமி 100 மி.லி.க்கு 500-க்குள் இருப்பது விரும்பத்தக்கது, 2,500 உச்சவரம்பு. கிருமி நீக்கிய பாட்டிலில், மேலே இரண்டு விரல் இடம் விட்டு நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். ஆக்சிஜன் பாட்டிலில் இடம் விடக் கூடாது, இதில் விட்டே ஆக வேண்டும்; இரண்டையும் ஒரே ஆள் நிரப்பினால் மாற்றிச் செய்துவிடுவார், ஆளைப் பிரித்துவிடுங்கள்.

வலையில் சிக்கும் நீர்ப்பூச்சிகளுக்கு மதிப்பெண் போடும் முறை கூழாங்கல் ஓடைக்கு ஏற்றது. நம் வண்டல் தரையில் அந்த மதிப்பெண்ணை அப்படியே போட்டால் எல்லா வாய்க்காலும் தோற்றுவிடும். தட்டானின் இளம்பூச்சி, இறால் குஞ்சு இருக்கின்றனவா, அல்லது செந்நிறப் புழு மட்டுமா என்று எழுதினாலே போதும்.

உடம்பு

இருவருக்குக் குறைந்து போகாதீர்கள். மதகுக்குக் கீழே நிற்கும்போது மேலே கதவு தூக்கினால் நிமிடத்தில் நீர் ஏறும். லஸ்கரிடம் சொல்லிவிட்டே இறங்குங்கள். காலில் புண் இருப்பவர் கரையிலேயே நிற்கட்டும், எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக எளிதில் நுழையும். சோதனை முடிந்த கரைசல்களை ஒரு கேனில் சேர்த்துக் கல்லூரியிலேயே ஒப்படையுங்கள். வாய்க்காலைக் காக்க வந்தவர்கள் வாய்க்காலிலேயே ஊற்றுவது அழகல்ல.

எண்ணை நம்பலாமா

பத்து மாதிரிக்கு ஒன்றை இரட்டையாக எடுத்து, இரண்டு பேர் தனித்தனியே அளக்க வேண்டும். பி.எச். 0.3-க்கு மேலும், ஆக்சிஜன் 0.5 மி.கி.க்கு மேலும், மின்கடத்துதிறன் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் விலகினால் அன்றைய சுற்றையே சந்தேகக் குறியோடு எழுதுங்கள். அழிக்க வேண்டாம், திருத்தவும் வேண்டாம். ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். அலகு இல்லாத எண்ணை நோட்டில் ஏற்றாதீர்கள்.

தன்னார்வலர் அளவு நீதிமன்றச் சான்றாகாது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, வழக்குக்கான மாதிரியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்தான் முறைப்படி எடுக்க வேண்டும். உங்கள் நோட்டின் பயன், அவர்கள் எங்கே, எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தால் பிடிபடும் என்று காட்டுவதில் இருக்கிறது. மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கோ, மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கோ மனு எழுதும்போது ‘தண்ணீர் நாசமாகிவிட்டது’ என்று தொடங்காதீர்கள். வாய்க்கால் பெயர், மதகு எண், மேல்பக்க அளவு, கீழ்பக்க அளவு, ஷட்டர் நிலை, நேரம், வாடை, புகைப்படம். எந்தக் கிழமைகளில், எத்தனை முறை திரும்ப வந்தது. ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மேல்பக்கம் 6, கீழ்பக்கம் 1.5, மூன்று செவ்வாய்க்கிழமைகள் தொடர்ந்து, ஷட்டர் திறந்த நிலையில் என்று எழுதிய மனுவைக் கையில் வாங்கும் அலுவலருக்கு, அடுத்த செவ்வாய் எங்கே நிற்க வேண்டும் என்று தானே தெரியும்.